ஃபிலோசோஃபெம்: ஒரு சோகமான ஆல்பத்தின் வரலாறு

மெட்டல் இசை என்றாலே காதைக் கிழிக்கும் வேகமும், தலைமுடியை விரித்து ஆட்டும் கூட்டமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வகையிலேயே மெதுவாக, ஏதோ பனிமூட்டத்துக்குள் இருந்து கேட்பது போல ஒலிக்கும் சோகமான இசையும் உண்டு. அதற்கு முன்னோடி என்று சொல்லப்படும் ஆல்பங்களில் முக்கியமானது, நார்வேயின் 'பர்சம்' வெளியிட்ட 'ஃபிலோசோஃபெம்'.

பர்சம் என்பதை இசைக்குழு என்று சொல்வதே சரியல்ல. ஏனெனில் அதில் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். பெர்கன் நகரைச் சேர்ந்த வர்க் விகெர்னெஸ், 1973-ல் பிறந்தவர். கிடார், பேஸ், டிரம்ஸ், குரல் எல்லாம் அவரே. 1992 ஜனவரிக்கும் 1993 மார்ச்சுக்கும் இடையே, அதாவது சுமார் 15 மாதங்களில், நான்கு முழு ஆல்பங்களைப் பதிவு செய்து முடித்தார். நான்காவதுதான் ஃபிலோசோஃபெம். அப்போது அவருக்கு வயது 20!

பதிவு நடந்த இடம் பெர்கனில் உள்ள கிரீக்ஹாலன். புகழ்பெற்ற இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் பெயரைத் தாங்கிய, பெர்கன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் பெரிய அரங்கம் அது. அங்கிருந்த ஸ்டுடியோவில், பிட்டன் என்று அழைக்கப்படும் ஒலிப்பொறியாளருடன் வேலை நடந்தது. நல்ல கருவிகள் இருந்தும் விகெர்னெஸ் கேட்டது இருப்பதிலேயே மோசமான மைக்கை! கடைசியில் ஒரு ஹெட்செட் மைக்கில் பாடியதாகவும், கிடாரைத் தன் சகோதரரின் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வழியாக வாசித்ததாகவும் அவரே பின்னர் கூறியிருக்கிறார். துல்லியமான ஒலிப்பதிவுக்குப் பெரும் பணம் செலவழித்துக்கொண்டிருந்த காலத்தில், இது நேர் எதிரான வழி.

ஆல்பத்தில் ஆறு பாடல்கள், மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. அவசரமே இல்லை. அதில் ஒரு பாடல் மட்டும் சுமார் 25 நிமிடம். டிரம்ஸ் இல்லை, குரல் இல்லை, வெறும் கீபோர்டு ஒலிதான். அட்டைப்படம், நார்வேயின் ஓவியர் தியோடர் கிட்டெல்சென் 1900-ல் வரைந்தது. மலைச்சரிவில் ஒரு பெண் நீண்ட மரக்கொம்பு ஒன்றை ஊதிக்கொண்டிருப்பாள்.

இதுவரை இசையின் கதை. இனி வரும் பகுதியைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது.

பதிவு முடிந்து ஐந்து மாதம் கழித்து, 1993 ஆகஸ்ட் 10 அன்று, ஆஸ்லோவில் ஐஸ்டைன் ஆர்செத் என்ற 25 வயது இளைஞரை விகெர்னெஸ் கத்தியால் குத்திக் கொன்றார். 'மேஹெம்' குழுவின் கிடார் கலைஞரான ஆர்செத், பர்சமின் முதல் ஆல்பத்தைத் தன் சொந்த நிறுவனம் மூலம் வெளியிட்டு உதவியவர். 1994 மே மாதம், இந்தக் கொலைக்கும் தேவாலயங்களை எரித்த குற்றத்துக்கும் சேர்த்து விகெர்னெஸுக்கு 21 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. நார்வேயில் அன்று அதுவே அதிகபட்ச தண்டனை.

ஃபிலோசோஃபெம் கடைக்கு வந்தது 1996-ல். அப்போது அவர் சிறையில் இருந்தார். எனவே அதைக் கேட்டவர்களில் பலருக்கு அது ஒரு கைதியின் தனிமை போலவும், மனம் வருந்தும் குரல் போலவும் தோன்றினால் வியப்பில்லை. ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். அது கொலைக்கு முன்பே பதிவானது. அந்தச் சோகத்தில் குற்ற உணர்வு இருக்க வாய்ப்பே இல்லை! மூன்று வருட தாமதம், அந்த இசைக்கு அதில் இல்லாத ஒரு அர்த்தத்தைக் கொடுத்துவிட்டது.

2009-ல் விடுதலையான பிறகும் அவர் மாறவில்லை. இனவெறியைத் தூண்டியதாக 2014-ல் பிரான்ஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

அதே சமயம், இந்த ஆல்பம் திறந்துவிட்ட வழியும் உண்மைதான். பெரிய ஸ்டுடியோ வேண்டாம், குழு வேண்டாம், ஒரு அறையும் மலிவான கருவியும் போதும் என்ற நம்பிக்கையில், கலிஃபோர்னியாவின் 'ஸாஸ்தூர்' தொடங்கி உலகெங்கும் எத்தனையோ ஒற்றை மனித முயற்சிகள் பிறந்தன. அவர்களில் பலருக்கு விகெர்னெஸின் கொள்கையோடு எந்தத் தொடர்பும் இல்லை.

கேட்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. ஆனால் கேட்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. இந்த இசையின் சோகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆர்செத்துக்கோ 26-வது பிறந்தநாள் வரவே இல்லை.