ஒரே கிணறு, மூன்று கமலை



யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க் குழுவினர் கேட்டபோது, நம் பங்கு இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. "சாமி, எனக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவும் ஆசை, எழுதவும் ஆசை. பத்து இடத்தில் தோண்டினால் ஓரிடத்திலும் தண்ணீர் வராது என்று வீட்டில் திட்டுகிறார்கள். நான் என்ன செய்ய?" என்றார். அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் கிணறு வெட்டிக் கடன்பட்டவர்களுக்கே அச்சொல்லின் வலி தெரியும். அவருக்கு நான் சேவியர் தனிநாயக அடிகளாரின் வரலாற்றைச் சொன்னேன். அதையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

அடிகளார் 1913-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில், கரம்பன் என்னும் ஊரில் பிறந்தார். கொழும்பில் குருமடப் படிப்பு. பின்னர் உரோமையில் இறையியல். 1938-இல் குருப்பட்டம் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், போர்த்துக்கீசியம் முதலிய மொழிகளில் வல்லவர். எனினும் தம் தாய்மொழியின் பழைய இலக்கியத்தை அதுவரை அவர் முறையாகக் கற்றதில்லை.

தூத்துக்குடி மறைமாவட்டத்திற்கு வந்த அடிகளார், 1940 முதல் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். பகலில் மாணவர்க்குப் பாடம் சொன்னவர், அங்கேயே தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் கற்றார். அதுவும் போதாதென்று 1945-இல், தம் முப்பத்திரண்டாம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இளைஞரோடு இளைஞராகத் தமிழ் பயின்றார். உரோமையில் முனைவர் பட்டம் பெற்ற ஒரு குரு மீண்டும் மாணவர் பெஞ்சில் அமர்ந்த அந்தத் தாழ்ச்சியே அவருடைய எல்லாப் பணிக்கும் வித்தாயிற்று. சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தைப் பற்றி அவர் அங்குச் செய்த ஆய்வு பின்னர் ஆங்கில நூலாக வெளிவந்தது.

1952-இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழை அவர் தொடங்கினார். தமிழுக்கு ஆங்கிலத்தில் இதழ் எதற்கு எனலாம். தமிழ் படிக்கத் தெரியாத அறிஞருக்கும் தமிழின் பெருமை எட்ட வேண்டுமன்றோ? பல நாட்டுப் பேராசிரியர்களிடம் கட்டுரை கேட்டு வாங்கி, திருத்தி, அச்சேற்றினார். அதே காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளராகவும் இருந்தார். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய இயல் துறைக்குத் தலைவரானார். 'தமிழ்த்தூது', 'ஒன்றே உலகம்' போன்ற நூல்களையும் எழுதினார்.

இதழாசிரியராகக் கடிதம் எழுதி எழுதித் தேடிய உறவுகள் வீண்போகவில்லை. 1964 ஜனவரியில் டெல்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு நடந்தபோது, அறிஞர் பலரோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அவர் உருவாக்கினார். 1966-இல் கோலாலம்பூரிலும், 1968-இல் சென்னையிலும், 1970-இல் பாரிசிலும், 1974-இல் யாழ்ப்பாணத்திலும் மாநாடுகள் கூடின. 1980 செப்டம்பர் முதல் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அடுத்த நான்கு மாதத்தில், 1981 ஜனவரியில், நமக்கு அண்மையிலுள்ள மதுரையில் ஐந்தாம் மாநாடு நடைபெற்றது.

அவர் செய்த இன்னொரு பணியை நம் பங்கு மக்கள் சிறப்பாக நினைத்தல் வேண்டும். அந்தாம் தெ புரொயென்சா என்பவர் பழைய மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குரு. அவர் தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி, அவர் இறந்து பல ஆண்டுகள் சென்றபின், 1679-இல்தான் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. தம் நூலை அவர் கண்ணால் காணவில்லை. அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் தங்கியிருந்தது. தனிநாயக அடிகளார் அதனை 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். எழுதியவர் ஒருவர், காத்தவர் ஒருவர், உலகறியச் செய்தவர் ஒருவர். இம்மூவரில் யார் இல்லாவிடினும் அந்நூல் நமக்கு இல்லை.

இதை எழுதுகையில் என் நெஞ்சு என்னையே சுடுகிறது. இப்பங்கிற்கு நான் வந்த புதிதில், கரையான் அரித்த பழைய உபதேசியார் நோட்டு ஒன்றைக் குப்பையோடு எரிக்கச் சொன்னேன். நம் கோவில்பிள்ளை அதை எரிக்காமல் துணியில் சுற்றி எடுத்து வைத்திருந்தார். இம்மலரில் நீங்கள் காணும் பழைய பஞ்ச காலச் செய்திகளும், முதல் கோவில் கட்டக் கல் சுமந்தோர் பெயர்களும் அந்நோட்டில் இருந்தவையே. குருமடத்தில் எத்தனையோ ஆண்டு படித்த நான் அறியாததை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே அந்த இளைஞருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, அடிகளார் பல கிணறு தோண்டவில்லை. ஒரே கிணற்றில் மூன்று கமலை பூட்டி இறைத்தார். கற்பித்தலும் எழுதுதலும் இதழ் நடத்துதலும் அவருக்கு ஒரே அழைத்தல். நீயும் முதலில் உன் கிணறு எதுவென்று கண்டுகொள். பிறகு எத்தனை கமலை வேண்டுமானாலும் பூட்டு."

பெற்றோரே, பிள்ளைகளின் ஆசையை அவசரப்பட்டு ஒடுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கடிதமோ, நோட்டோ, படமோ இருந்தால் எறிந்துவிடாமல் பங்கு அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். அடுத்த யூபிலி மலரை எழுதப்போகிறவர் உங்களுக்கு நன்றி சொல்லுவார்.

ஆண்டவர் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!

— உங்கள் பங்குத்தந்தை