திண்டுக்கல் வட்டாரத்தில் பெண் வேட்பாளரும் பெண் வாக்கும்

பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் பெண்களுக்கு வாக்குரிமை வழங்க முதலில் முன்வந்தது சென்னை மாகாணமே. எனினும் 1921இல் கிடைத்த அவ்வுரிமை சொத்துத் தகுதியோடு பிணைக்கப்பட்டிருந்ததால், திண்டுக்கல் சமவெளியின் உழவர், நெசவாளர் குடும்பப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் வாக்குச்சாவடியைக் காண, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இருந்த 1952 தேர்தல்வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்த முதல் பொதுத்தேர்தலிலேயே, அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த திண்டுக்கல் மக்களவைத் தொகுதி, அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்த அம்மு சுவாமிநாதனையும், ஆத்தூர் சட்டமன்றத் தொகுதி மருத்துவர் சௌந்தரம் இராமச்சந்திரனையும் தேர்ந்தெடுத்தன. இருவரும் காங்கிரஸ் வேட்பாளர்கள். முன்னவர் பாலக்காட்டுப் பகுதியில் பிறந்து சென்னையில் பொதுவாழ்வு கண்டவர். பின்னவரோ 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவி, மகப்பேறு, குழந்தை நலம், பெண்கல்வி ஆகியவற்றின் வழியே வாக்குக் கேட்பதற்கு முன்பே பெண்களை அடைந்தவர். 1957இல் வேடசந்தூரிலும் 1962இல் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியிலும் வென்ற அவர், மத்தியக் கல்வித் துணையமைச்சராகவும் பணியாற்றினார்.

இவ்வெற்றிகளைப் பெண்களின் வாக்கு மட்டுமே தந்தது என்று கூறிவிட இயலாது. ஏனெனில் வாக்கு இரகசியமானது, எண்ணிக்கையின்போது ஆண் வாக்கு, பெண் வாக்கு என்று பிரிக்கப்படுவதும் இல்லை. ஆனால் தொடர்ந்த முடிவுகளை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படுகிறது. அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் காங்கிரசை வீழ்த்திய 1967இல், இருபதாண்டுத் தொண்டுக்குப் பின்னும் சௌந்தரம் தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார். அதாவது, வேட்பாளர் பெண் என்பதற்காகவே பெண்கள் திரண்டு வாக்களித்ததும் இல்லை, பெண் என்பதற்காக இவ்வட்டாரம் ஒருவரை ஒதுக்கியதும் இல்லை. கட்சியும் காலமும் களப்பணியும் சேர்ந்தே முடிவைத் தீர்மானித்தன.

பிற்காலமும் இதற்குச் சான்றாகிறது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதியான நிலக்கோட்டை, காங்கிரசின் ஏ. எஸ். பொன்னம்மாளை 1989, 1991 தேர்தல்களிலும், தமிழ் மாநில காங்கிரசில் இருந்தபோது 1996இலும், அ.தி.மு.க.வின் எஸ். தேன்மொழியைப் பின்னரும் வெற்றிபெறச் செய்தது. மாதர் சங்கப் பணியில் ஊன்றியவரும் மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவருமான கே. பாலபாரதி, 2001இல் அ.தி.மு.க. அணியிலும் 2006இல் தி.மு.க. அணியிலும் 2011இல் மீண்டும் அ.தி.மு.க. அணியிலும் நின்று, திண்டுக்கல் சட்டமன்றத் தொகுதியில் மும்முறை வென்றார். கூட்டணியின் பலம் அவ்வெற்றிகளுக்குத் துணைநின்றது உண்மையே. ஆயினும், அணிகள் மாறியபோதும் அவரையே வாக்காளர் மீண்டும் ஏற்றமைக்கு அவரது பணியும் காரணம் எனக் கொள்வது பொருந்தும்.

இத்தகைய மரபுடைய திண்டுக்கல்லிலிருந்து 1962க்குப் பின் ஒரு பெண்கூட மக்களவைக்குச் செல்லவில்லை. வெல்லும் வாய்ப்புள்ள அணிகள் பெண்களை அரிதாகவே நிறுத்துமிடத்து, அக்குறையை வாக்காளர்மீது சுமத்துவது நியாயமன்று. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2023இல் நிறைவேறியுள்ளது. அது நடைமுறைக்கு வரும்வரை காத்திராமல், களத்தில் உழைக்கும் பெண்களை வேட்பாளர்களாக்குவது கட்சிகளின் கடமையாகும்.