கானமைசின் முதல் ஆர்பெக்காசின் வரை: சர்க்கரை மூலக்கூற்றைத் திருத்திய வரலாறு

1957ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் ஹமாவோ உமெசாவா, மண்வாழ் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரி ஒன்றிலிருந்து பெற்ற கானமைசினை அறிவித்தார். ஸ்ட்ரெப்டோமைசினுக்குக் கட்டுப்படாத காசநோய்க் கிருமிகளையும் அது அடக்கியது. அமினோ தொகுதிகளை ஏந்திய இரு சர்க்கரைகள் ஒரு நடுவளையத்தோடு பிணைந்த அமைப்பு அதனுடையது. மருந்து கிடைத்தது மண்ணைத் துழாவிய பொறுமையினால். அதில் வடிவமைப்பு என ஏதும் இல்லை.

பத்தாண்டுகளுக்குள் கானமைசினுக்கு அசையாத குடல் பாக்டீரியாக்கள் தோன்றின. இவ்வெதிர்ப்புத்திறன் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என்பது ஜப்பானில் முன்னரே அறியப்பட்டிருந்தமையால், சிக்கலின் கடுமை ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்தது. 1967இல் உமெசாவா குழுவினர் காரணத்தைக் கண்டறிந்தனர். எதிர்ப்புடைய பாக்டீரியாக்களில் உள்ள நொதி ஒன்று, மருந்தின் சர்க்கரை வளையத்தில் மூன்றாம் கரியணுவைச் சார்ந்த ஹைட்ராக்சில் தொகுதியில் பாஸ்பேட்டைப் பொருத்திவிடுகிறது. அதன்பின் அம்மூலக்கூறு மருந்தாகச் செயற்படுவதில்லை.

பூட்டுவதற்கு இடமே இல்லையெனில் நொதி என்ன செய்யும்? இவ்வினாவே அடுத்த கட்ட ஆய்வின் தொடக்கம் எனலாம். ஆனால் பல ஹைட்ராக்சில் தொகுதிகளுள் வேண்டியதை மட்டும் நீக்குதல் எளிதன்று. எஞ்சியவற்றையும் அமினோ தொகுதிகளையும் முதலில் மறைத்துக் காத்து, இறுதியில் மீட்கவேண்டும். ஹமாவோவின் தமையனும் சர்க்கரை வேதியியலில் வல்லவருமான சுமியோ உமெசாவாவின் துணையின்றி இது கைகூடியிருக்குமா என்பது ஐயமே. 1971இல் கானமைசின் பி-யின் மூன்றாம், நான்காம் இட ஹைட்ராக்சில்கள் இரண்டும் நீக்கப்பெற்ற டிபெக்காசின் உருவாயிற்று. எதிர்ப்புடைய ஈ. கோலை, சூடோமோனாஸ் ஆகியவற்றின்மீதும் அது செயற்பட்டது. எதிர்ப்பின் வேதிக் காரணத்தை அறிந்து அதற்கேற்ப மருந்தைத் திருத்திய தொடக்ககால வெற்றிகளுள் இதற்குத் தனியிடம் உண்டு.

ஆயினும் பாக்டீரியாக்களிடம் இருந்தது ஒரே நொதியன்று. பிற இடங்களைத் தாக்கும் நொதிகள் டிபெக்காசினையும் செயலிழக்கச் செய்தன. 1972இல் கவாகுச்சி குழுவினர் வேறு வழியை மேற்கொண்டனர்: எதையும் நீக்காமல், கானமைசினின் நடுவளையத்து அமினோ தொகுதியில் ஒரு பக்கச் சங்கிலியைச் சேர்த்து, நொதிகள் பலவற்றுக்கு இடையூறு விளைவித்தனர். அம்மருந்தே அமிக்காசின். இவ்விரு வழிகளையும் இணைத்து, டிபெக்காசினில் அதே பக்கச் சங்கிலியைப் பொருத்தியபோது ஆர்பெக்காசின் கிடைத்தது. மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபிலோகாக்கஸ் தொற்றுக்கு ஜப்பானிய மருத்துவர்கள் 1990 முதல் அதனைப் பயன்படுத்தி வருகின்றனர்.