முப்பதாம் நம்பர் ஆயில் பிறந்த கதை

இன்ஜின் ஆயில் டப்பாவில் 30, கியர் ஆயில் டப்பாவில் 90. பார்த்தவுடன் இரண்டாவது மூன்று மடங்கு கெட்டி என்று தோன்றும். உண்மையில் 90 கியர் ஆயிலின் கெட்டித்தன்மை 40, 50 இன்ஜின் ஆயில்களின் அளவுதான். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் ஊற்றிவிடாமல் இருக்கவே கியர் ஆயிலுக்கு உயர்ந்த எண்களைக் கொடுத்தார்கள். அப்படியானால் 30 எதைச் சொல்கிறது?

கார்கள் பெருகத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு எண்ணெய்க் கம்பெனியும் ‘லைட்’, ‘மீடியம்’, ‘ஹெவி’ என்று தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தது. ஒருவரின் மீடியம் இன்னொருவரின் ஹெவியாக இருக்கலாம். 1905-இல் அமெரிக்காவில் தொடங்கிய வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ, 1911-இல் இன்ஜின் ஆயிலுக்கு முதல் விதியை எழுதியது. 10, 20, 30 என்ற எண்கள் 1920களின் நடுவில் வந்தன.

அளந்த முறை எளிது. சேபோல்ட் என்பவரின் பெயர் தாங்கிய கருவியில், குறித்த வெப்பத்தில் 60 மில்லி எண்ணெய் ஒரு சிறு துளை வழியே வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தார்கள். பின்னர் நிலைத்த அட்டவணைப்படி, 210 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 58 முதல் 70 விநாடிக்குள் வடிவது 30. 70 முதல் 85 வரை 40. ஆக, 30 என்பது தர மதிப்பெண் அல்ல. கொதிநீரின் சூட்டில் எண்ணெய் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைக் காட்டும் வகுப்பு எண்.

குளிரில் என்ன ஆகும் என்பதை அந்த எண் சொல்லவில்லை. பனிக்காலத்தில் மெல்லிய ஆயில், கோடையில் கெட்டி ஆயில் என்று மாற்றி ஊற்றினார்கள். குளிர்காலத்துக்கான ‘டபிள்யூ’ எண்களும், பாலிமர் சேர்த்து இரண்டு பருவத்தையும் தாங்கும் 10டபிள்யூ-30 போன்ற ஆயில்களும் 1950களில் பரவின. சூட்டில் 10டபிள்யூ-30-உம் வெறும் 30-உம் ஒரே வகுப்பு. ஆனால் பற்சக்கரங்களுக்கு இடையில் நசுங்க நசுங்க பாலிமர் அறுந்து ஆயில் மெலியும்.

பழைய படகு இன்ஜினில் இது முக்கியம். விஸ்கான்சின் மாநிலத்தின் ஓஷ்காஷ் நகரில் யுனிவர்சல் மோட்டார் கம்பெனி 1947-இல் வெளியிட்ட ‘அடாமிக் 4’ பெட்ரோல் இன்ஜினைப் பாருங்கள். பாய்மரப் படகுகளுக்குள் சுமார் 40,000 இறங்கின. இதில் இன்ஜினுக்கும் ரிவர்ஸ் கியருக்கும் ஒரே ஆயில். பற்சக்கரம், கிளட்ச் தட்டு, பேரிங் எல்லாம் அதிலேயே நனைகின்றன. கம்பெனி சொன்னது எஸ்ஏஇ 30. உராய்வைக் குறைக்கும் பொருள் அதிகம் கலந்த புதிய கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

30-ஐயே ஊற்ற இன்னொரு காரணம் கடல். கடல்நீரே நேராக உள்ளே சுற்றிக் குளிர்விக்கும் இன்ஜினை 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே ஓட்டுகிறார்கள். அதிகம் சூடானால் உப்பு படியும். எனவே ஆயிலும் கார் இன்ஜினில் மெலியும் அளவுக்கு மெலிவதில்லை. தேய்ந்த இன்ஜின் என்று பயந்து 50-க்குத் தாவினால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அது பேரிங்கைச் சென்றடையத் தாமதமாகும்.

தனி கியர்பாக்ஸ் உள்ள படகுகளில் கணக்கு வேறு. ஹைட்ராலிக் கியர்பாக்ஸ்களில் சில இன்ஜின் ஆயில் கேட்கும். சில, 30-ஐ விட மெல்லிய ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில் கேட்கும். கியர் என்றதும் 90-ஐத் தேடக் கூடாது. பெட்டியில் பதித்த தகட்டையோ கையேட்டையோதான் பார்க்க வேண்டும்.

அட்டவணை இன்னும் வளர்கிறது. பெட்ரோலை மிச்சப்படுத்தும் புதிய கார்களுக்காக 2013-இல் 16-உம், 2015-இல் 12-உம் 8-உம் சேர்ந்தன. விநாடிக் கணக்குப் போய்விட்டது. இன்று 100 டிகிரி செல்சியஸில் கெட்டித்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (அதன் அலகு) வரை இருப்பது 30. அளவுகோல் மாறியும் எண் மாறாததால்தான், 1947-இன் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் கடையில் சரியான டப்பாவை வாங்க முடிகிறது.