சட்ட நபரும் மலை மனிதரும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், நாடு விடுதலை பெற்ற பின்னரும் கால் நூற்றாண்டுக்கு மேலாக மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையிலேயே இருந்தனர். 1976இல்தான் அம்மலை அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்ததோ 1950இல். இடைப்பட்ட அக்காலத்தில் சாசன உரிமைகளை நீதிமன்ற வாயிலாக விரைந்து பெற்றவர் யார் என நோக்கும்போது நாம் வியப்படைகிறோம். உயிரும் உடலுமற்ற கம்பெனிகளும் அவ்வரிசையில் முன்னே நிற்கின்றன.

1950 டிசம்பரிலேயே, ஷோலாப்பூர் நூற்பாலை பற்றிய சிரஞ்சித்லால் வழக்கில், குடிமக்களுக்கே உரியவை என வரையறுக்கப்படாத அடிப்படை உரிமைகள் கம்பெனிகளுக்கும் உண்டு என்னும் கருத்தை உச்ச நீதிமன்றம் வெளியிட்டது. சமத்துவம் பேசும் 14ஆம் பிரிவு ‘எந்த நபருக்கும்’ என்றே கூறுகிறது. 1897ஆம் ஆண்டின் பொதுச் சொற்பிரிவுகள் சட்டமோ, ‘நபர்’ என்ற சொல்லில் கம்பெனியையும் அடக்கியிருந்தது.

எனினும் பேச்சுரிமை, தொழிலுரிமை முதலியவற்றைக் கூறும் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே உரியது. அரசு வணிகக் கழக வழக்கில் (1963), கம்பெனி குடிமகன் ஆகாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாயில் அடைபட்டதெனத் தோன்றியது. ஆனால் வங்கிகள் தேசியமய வழக்கில் (1970) பங்குதாரராகிய கூப்பர் தம் சொந்த உரிமையின் பெயரால் வென்றார். பென்னட் கோல்மன் வழக்கில் (1972) பத்திரிகைக் கம்பெனியின் குரல், பங்குதாரர், ஆசிரியர் ஆகியோரின் பேச்சுரிமை வழியே கேட்கப்பட்டது. முன்வாயிலில் மறுக்கப்பட்டது பக்கவாயிலில் கிடைத்தது.

அமெரிக்க வரலாறு இதனினும் படிப்பினை மிக்கது. விடுதலை பெற்ற அடிமைகளைக் காக்கவே 1868இல் 14ஆம் திருத்தம் ஏற்கப்பட்டது. 1886இல் சாண்டா கிளாரா வழக்கில், வாதம் தொடங்குமுன் தலைமை நீதிபதி வெயிட் கூறியதாகத் தீர்ப்புத் தொகுப்பாளர் தலைக்குறிப்பில் பதித்த சில வரிகளே, அத்திருத்தம் ரயில்வே கம்பெனிகளுக்கும் அரணாக வழிவகுத்தன. நலிந்தோருக்காக எழுதப்பட்ட சொல் வலியோர் கைக்கு மாறிய வரலாறு இது.

இஸ்லாமியச் சட்டவியலில் கடமைகளையும் உரிமைகளையும் தாங்கும் ‘திம்மா’ அடிப்படையில் மனிதனுக்குரியது. எனினும் வக்ஃபு, பைத்துல்மால் ஆகியவற்றுக்குத் தனிப்பொறுப்பு உண்டென்பதைக் காட்டி, சட்ட நபர் கோட்பாடு ஃபிக்ஹுக்கு அந்நியமன்று என முஸ்தஃபா அஸ்ஸர்க்கா (1904–1999) போன்ற அறிஞர் வாதிட்டனர். இந்தியாவிலோ, லாகூர் ஷஹீத் கஞ்ச் பள்ளிவாசல் வழக்கில் (1940), பள்ளிவாசல் தானே ஒரு நபராக நின்று வழக்காட இயலாது என்று பிரிவி கவுன்சில் கூறிற்று. இந்துக் கோயில் மூர்த்தியைச் சட்ட நபராக நீதிமன்றங்கள் அதற்கு முன்பே ஏற்றிருந்தன. யார் நபர் என்பது இயற்கை தரும் விடையன்று. சட்டம் தரும் விடை என்பது இவற்றால் தெளிவாகிறது.

அவ்விடையை நலிந்தோர் பக்கமும் திருப்ப இயலும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தனி மனிதருக்கு மட்டுமின்றிச் சமூகத்திற்கும் காட்டின்மீது உரிமை அளித்து, அதனை ஆய்ந்து முடிவெடுக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்தது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கத் திட்டம் எழுந்தபோது, உச்ச நீதிமன்றம் 2013இல் மலைமக்களின் கிராம சபைகளிடமே அக்கேள்வியை அனுப்பியது. கூடிய 12 சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. அங்கே ஒரு கம்பெனியின் எதிரே மக்கள் கூட்டமும் சட்டத்தின் பலத்தோடு நின்றது.

கம்பெனிக்கு உரிமை தந்ததே பிழை என்று நாம் கூறவில்லை. வக்ஃபைப் போன்றே அதுவும் மனிதத் தேவைக்குப் பிறந்த கருவி. கருவிக்குக் கிடைத்த காப்பு மனிதனுக்கு எட்டாமற்போவதே அநீதி. கல்வராயன் மலையின் கிராம சபைகளும் அதே சட்டத்திற்கு உரியவையே. அங்குள்ள ஒரு குடும்பம் தான் உழும் நிலத்துக்கு உரிமைப் பட்டயம் கோரி நிற்கையில், 14ஆம் பிரிவின் ‘எந்த நபருக்கும்’ என்ற சொல் முதலில் அவர்களையே சுட்ட வேண்டும்.