பிழைகளுக்குள் இருந்த நியாயம்

ஏழைத் தொழிலாளியின் மகனும் கட்டணமின்றி உயர்கல்வி பெற வேண்டும் என 1847இல் நியூயார்க் நகர மக்கள் வாக்களித்தனர். அவ்வாறு பிறந்த இலவசக் கல்விக்கூடமே பின்னர் சிட்டி கல்லூரி என வளர்ந்தது. ஆயினும் கட்டணம் இல்லாத அந்த வாசலில் மதிப்பெண் என்னும் மதில் நின்றது. கல்லூரி அமைந்திருந்ததோ ஹார்லெம் பகுதியில். அங்கு வாழ்ந்த கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களில் மிகச் சிலரே 1960களில் அம்மதிலைக் கடந்தனர்.

1969 ஏப்ரலில் அவ்வினத்து மாணவர்கள் வளாகத்தின் ஒரு பகுதியைக் கைப்பற்றிப் போராடினர். மறு ஆண்டே, உயர்நிலைப் பள்ளியை முடித்த எவருக்கும் தன் கல்லூரிகளுள் ஒன்றில் நகரப் பல்கலைக்கழகம் இடமளிக்கத் தொடங்கியது. முதலாண்டு மாணவர் தொகை ஏறத்தாழ 20,000இலிருந்து 35,000ஆக உயர்ந்தது.

கதவு திறந்தது, வந்தவர்களை என் செய்வது? அவர்களுள் பலருக்கு ஒரு பத்தியைக்கூடப் பிழையின்றி எழுத இயலவில்லை. இவர்கள் கல்லூரிக்கு உரியவர்கள் அல்லர் என ஆசிரியர் பலர் கைவிரித்தனர். மினா ஷாநெஸி என்னும் ஆசிரியையும் முதலில் திகைத்தார். ஆனால் அவர் தாள்களை ஒதுக்கி வைக்கவில்லை. மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளைப் பொறுமையுடன் ஆராய்ந்தார். அப்பிழைகள் தாறுமாறானவை அல்ல, ஒவ்வொன்றின் பின்னும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று கண்டார். வீட்டுப் பேச்சில் எண்ணுப்பெயரே பன்மையை உணர்த்திவிடுமானால், எழுத்தில் பன்மை விகுதி விடுபடுவது இயல்பன்றோ? ‘இரண்டு மாடு வந்தது’ எனப் பேசும் நமக்கு இது விளங்காததன்று. அறிவுக் குறைவு எனக் கருதப்பட்டது, உண்மையில் பயிற்சிக் குறைவே. மாறவேண்டியவர் மாணவர் மட்டுமல்லர், ஆசிரியரும் கற்கவேண்டும் என்பதே அவர் வந்தடைந்த முடிவு. அவரது நூல் 1977இல் வெளிவந்தது. மறு ஆண்டே, 54ஆம் வயதில், அவர் மறைந்தார்.

அதற்குள் நகரின் நிதி நெருக்கடி 1976இல் இலவசக் கல்விக்கு முடிவு கட்டியிருந்தது. 1999இல், நான்காண்டுக் கல்லூரிகளில் அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை நிறுத்தவும் நிர்வாகக் குழு முடிவு செய்தது. தரம் தாழ்கிறது என்பது ஒரு வாதம். அதனை முற்றிலும் புறந்தள்ள இயலாது. பட்டத்திற்குக் கணக்கிடப்படாத அவ்வகுப்புகளிலேயே தேங்கி, சோர்ந்து வெளியேறியவர்கள் பலர்.

ஆயினும் கதை அங்கு முடியவில்லை. 2007இல் அதே பல்கலைக்கழகம் தன் ஈராண்டுக் கல்லூரிகளில் வேறொரு வழியைத் தொடங்கியது. அடிக்கடி சந்திக்கும் வழிகாட்டி, பயணச் சலுகை, பாடநூல் உதவி, நிதியுதவி போக எஞ்சும் கட்டணத்திற்கு விலக்கு ஆகியவை ஒருங்கே அளிக்கப்பட்டன. அடிப்படைப் பயிற்சி தேவைப்பட்ட மாணவரிடையே நடந்த ஆய்வில், இவ்வுதவி பெற்றோரில் 40 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றனர். பெறாதோரில் 22 விழுக்காட்டினரே அதனை எட்டினர்.

வாசலைத் திறப்பது நீதியின் தொடக்கம் மட்டுமே. தயங்கி நுழைபவனின் தாளில் சிவப்பு மையால் கோடிடுமுன், அவன் என்ன சொல்ல முயன்றான் என ஒருவர் அமர்ந்து வாசிக்கவேண்டும். நம் இல்லத்திலும் வகுப்பறையிலும் அவ்வாறு வாசிக்கப்படாத தாள்கள் எத்தனையோ!