அமுக்கிப் பார்த்த ஒலி

காலில் வீக்கம் என்றால் நம்மவர்கள் தைலம் போட்டு உருவி விடுவார்கள். ஆழத்துச் சிரையில் இரத்தம் கட்டியிருந்தால் அது ஆபத்து. கட்டி பிய்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும். இந்தத் தொடர்பை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விளக்கியவர் ஜெர்மானியரான விர்ச்சோ.

நெடுங்காலம் பாதத்துச் சிரையில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்துத்தான் கட்டியைப் பார்த்தார்கள். வலி ஒரு பக்கம். சிலருக்கு அந்த மருந்தே புதுக்கட்டியை உண்டாக்கியது!

1842இல் டாப்ளர் நட்சத்திர ஒளிக்குச் சொன்ன தத்துவம், 1950களின் கடைசியில் ஜப்பானியர் சதோமுரா கையில் இரத்த ஓட்டத்தைக் கேட்கும் கருவியாயிற்று. 1970களில் சியாட்டிலில் ஸ்ட்ராண்ட்னஸ் குழுவினர் ஓட்டத்தையும் உருவத்தையும் ஒரே கருவியில் சேர்த்தார்கள்.

ஆனால் என் மதிப்பில் பெரிய காரியம், 1980களில் வந்த மிக எளிய யுக்திதான். ஸ்கேன் கருவியாலேயே சிரையை அமுக்குவது. நல்ல சிரை வெறும் துணிப்பை மாதிரி ஒட்டிக்கொள்ளும். கட்டி இருந்தால் ஒட்டாது, அவ்வளவுதான். 1989இல் லென்சிங் குழு எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு, தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் இது நம்பத்தக்கது என்று காட்டியது. கெண்டைக்காலில் சற்றுத் தடுமாறும். அதனால்தான் சந்தேகம் தீராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள்.

சிகிச்சை முடிந்தும் சிலருக்குத் தழும்பு சிரையிலேயே தங்கிவிடும். பின்னால் வீங்கினால் பழசா புதுசா என்று ஒப்பிட அந்த ரிப்போர்ட்தான் உதவும், பத்திரமாக வையுங்கள்.